குமரியின் கோடைக்கு மதுரையின் யோசனை உதவாது

ஏப்ரல் பிறந்தால் போதும், வாட்ஸ்அப்பில் கோடைக் குறிப்புகள் வரிசைகட்டி வந்துவிடுகின்றன. சன்னலில் ஈரத்துணி தொங்கவிடுங்கள், பகல் முழுவதும் கதவை அடைத்து வையுங்கள், ஏர் கூலர் வாங்குங்கள் என்கிறார்கள். மதுரைக்கும் வேலூருக்கும் இவை சரிதான். குளச்சலிலோ குழித்துறையிலோ செய்தால் இருக்கிற புழுக்கம் இன்னும் கூடும். கன்னியாகுமரி மாவட்டத்தில் வெயிலைவிட வேர்வைதான் ஆளைச் சாய்க்கிறது.

வேர்வை ஆவியாகும்போதுதான் உடல் குளிர்கிறது. கடலும் குளமும் தோப்புமாக இருக்கும் இந்த ஊர்க் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால், வேர்வை உலராமல் வழிந்தோடுகிறது. தண்ணீரும் உப்பும் உடலைவிட்டுப் போகின்றன. குளிர்ச்சி மட்டும் கிடைப்பதில்லை. “வேலூரில் 41 டிகிரி, இங்கே வெறும் 34தானே” என்று நண்பகலில் வயலுக்கோ வாழைத் தோட்டத்துக்கோ கிளம்புவது இதனால்தான் தவறு. ஏர் கூலரும் ஈரத்துணியும் காற்றில் மேலும் ஈரத்தைத்தான் சேர்க்கும். எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்து, கடற்காற்று வீட்டைக் கடந்துபோக வழிவிட்டு, மின்விசிறியைச் சுழலவிடுவதே மேல். தோவாளை, ஆரல்வாய்மொழிப் பக்கத்தார் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே மழையும் குறைவு, காற்றும் வறண்டது. சின்ன மாவட்டம்தான், கோடை மட்டும் இரண்டு.

வேர்வை நின்றுபோனால்தான் வெப்பத்தாக்கு என்று காத்திருப்பதும் ஆபத்து. கடும் வேலை செய்து விழுந்தவருக்கு உடல் நனைந்தே இருக்கலாம். பேச்சு குழறுகிறதா, சொன்னது புரியாமல் விழிக்கிறாரா என்று பாருங்கள். அப்படியானால் நிழலுக்குக் கொண்டுபோய், உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐ அழைக்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

அடுத்தது, வெறும் தண்ணீராகவே குடித்துத் தள்ளுவது. பெருக வேர்த்தவருக்கு உப்பும் வேண்டும். உப்பிட்ட கஞ்சித்தண்ணீரும் நீர்மோரும் நம் வீட்டிலேயே இருக்க, காசு கொடுத்துக் குளிர்பானம் வாங்குவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்கு ஓ.ஆர்.எஸ். எனும் உப்பு-சர்க்கரைக் கரைசல் கொடுக்கும்போது நடக்கும் பிழை இன்னும் மோசம். உறையைக் கிழித்து ஒரு தம்ளர் தண்ணீரில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் என்று கண்ணளவில் கலக்குகிறார்கள். 1 லிட்டர் என்று அச்சிட்ட உறையை முழுவதுமாக, கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். கெட்டியானால் வயிற்றுப்போக்கு கூடும், ரத்தத்தில் உப்பு ஏறும், நீர்த்துப்போனால் பயனில்லை. கலந்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. சர்க்கரைப் பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைப் போட்டுக்கொண்டு அட்டைப்பெட்டிகளில் விற்பனையானதை உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் தடை செய்தது. ஆறு மாதம் நிறையாத குழந்தைக்கு எவ்வளவு வெயிலானாலும் தாய்ப்பால் மட்டுமே போதும், தண்ணீர்கூடத் தேவையில்லை.

இயற்கை என்ற ஒரு சொல்லில் எல்லாவற்றையும் மன்னித்துவிடுகிறோம். அக்கானி, அதாவது பதநீர், நல்லதுதான். ஆனால் கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்கியதை விடிகாலையிலேயே குடித்துவிட வேண்டும். பதினொரு மணிக்குச் சாலையோரத்தில் பிளாஸ்டிக் பாட்டிலில் வாங்கி, மாலையில் பிள்ளைகளுக்குக் கொடுத்தால் அது புளிக்கத் தொடங்கியிருக்கும். சர்க்கரை நோயாளிக்கு அது சர்க்கரைத் தண்ணீரேதான். பனையிலிருந்து வந்ததால் ரத்தத்துக்கு வேறு கணக்கு இல்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இளநீரைத் தொடக் கூடாது, அதில் பொட்டாசியம் அதிகம். மார்த்தாண்டத்துத் தேன் எவ்வளவு சுத்தமானாலும் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் நாக்கில் தடவ வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய பாக்டீரியா வித்துகளைத் தாங்கும் வலு அந்தக் குடலுக்கு இல்லை. எண்ணெய்க் குளியலின்போது குழந்தையின் மூக்கில் எண்ணெய் விடும் பாட்டிமாரையும் அன்போடு தடுத்துவிடுங்கள். அது நுரையீரலுக்குள் இறங்கும்.

மீன் விஷயத்தில் நம்மவர்களுக்குத் தன்னம்பிக்கை அதிகம். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலும், மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையிலும் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். இரண்டு கரையும் இந்த மாவட்டத்தில்தான் சந்திக்கின்றன. அந்த மாதங்களில் சந்தைக்கு வரும் மீனில் பாதிக்கு எந்த ஊர், எத்தனை நாள் ஐஸ் என்று யாருக்கும் தெரியாது. “நன்றாகக் கொதிக்கவைத்தால் சரியாகிவிடும்” என்பது அயலைக்கும் சூரைக்கும் பொருந்தாது. வெக்கையில் கிடந்த இவ்வகை மீன்களில் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் உருவாகும். அடுப்பு அதை அழிக்காது. சாப்பிட்ட சற்று நேரத்திலேயே முகம் சிவந்து, தோல் தடித்து, நெஞ்சு படபடக்கும். வாங்கிய மீனைப் பையோடு ஸ்கூட்டரில் தொங்கவிட்டு இரண்டு கல்யாண வீடு ஏறி இறங்கிவிட்டு வந்தால், நல்ல மீனும் கெட்ட மீனாகிவிடும்.

விடுமுறையில் பிள்ளைகள் குளத்தில் குதிக்கத்தான் செய்வார்கள். தேங்கிய வெதுவெதுப்பான நன்னீரில் மூளையைத் தாக்கும் அமீபா இருக்கலாம். மூக்கு வழியாக ஏறினால் மட்டுமே அது ஆபத்து. கேரள எல்லையைத் தாண்டினால் வரும் நெய்யாற்றின்கரைப் பகுதியில் 2024-இல் இந்த நோய் வந்தது. தலைகுப்புறக் குதிப்பதையும் அடிச்சேற்றைக் கலக்குவதையும் தடுத்தால் அபாயம் வெகுவாகக் குறையும். கடலுக்கு வேறு கணக்கு. வானம் தெளிந்து, காற்றும் இல்லாமல் இருக்கும்போதே, தொலைவான தென்கடலில் எழுந்த அலைகள் இங்கே வந்து சீறும். மீனவர்கள் இதைக் கள்ளக்கடல் என்கிறார்கள். 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்தது அத்தகைய எச்சரிக்கை இருந்த வேளையில்தான். கடற்கரைக்குக் கிளம்புமுன் அன்றைய எச்சரிக்கையைப் பாருங்கள். போன இடத்தில் கரையில் வலை பின்னிக்கொண்டிருப்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

கோடைமழை பெய்ததும் வீட்டுத் தொட்டிகளைக் கழுவுகிறவர்கள் ரப்பர் தோட்டத்தை மறந்துவிடுகிறார்கள். பால்வெட்டு நிறுத்திய நாட்களில் மரத்துக்கு மரம் நிமிர்ந்தபடியே மாட்டியிருக்கும் சிரட்டைகளில் மழைநீர் நிற்கும்; டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை கிடைத்தால் போதும். வெட்டு நின்ற அன்றே சிரட்டைகளைக் கவிழ்த்துவிட வேண்டும். தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டவர்கள் தொகை பேசும்போதே இதையும் பேசி முடித்துக்கொள்வது நல்லது.