பழைய பிக்கப் வண்டியில் தீராத மிஸ்ஸிங்: எந்த சிலிண்டர் என்று முதலில் பிடியுங்கள்

பிளக் மாற்றியாச்சு, அதற்குக் கரண்ட் தரும் இக்னிஷன் காயில் மாற்றியாச்சு, இன்னும் இன்ஜின் மிஸ்ஸிங் ஆகி, அதாவது ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல், திணறுகிறது என்றால் தயவுசெய்து அடுத்த பார்ட்ஸை வாங்காதீர்கள். எந்த சிலிண்டர் படுத்துக் கிடக்கிறது என்று தெரியாமல் செலவழிக்கிற காசு வீண்தான்.

வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுக் குறியீட்டைப் படிக்கும் ஸ்கேனரைப் போட முடிந்தால் வேலை எளிது. குறியீடு பி0303 என்றால் மூன்றாவது சிலிண்டர். பி0300 என்றால் ஒன்றில் நிற்காமல் மாறி மாறி வருகிறது. தனித்தனி காயில் உள்ள வண்டியில் மூன்றாவதன் காயிலை ஒன்றாவதில் மாட்டி ஓட்டிப் பாருங்கள், குறியீடு பி0301 ஆக மாறினால் காயில்தான் கோளாறு. மாறவில்லையா, பிளக்கையும் அதே மாதிரி இடம் மாற்றிப் பாருங்கள். ஸ்கேனர் போட வழியில்லாத, ஆனால் சிலிண்டருக்கு ஒரு இன்ஜெக்டர் (பெட்ரோலைத் தெளிக்கும் பாகம்) உள்ள வண்டியா? ஐடிலில் (ஆக்சிலரேட்டர் கொடுக்காமல்) ஓடவிட்டு இன்ஜெக்டர் கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுங்கள், எதைக் கழற்றினால் சத்தம் மாறவே இல்லையோ அதுதான் ஆள்.

கழற்றிய பிளக்கைத் துடைக்காமல் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். வெள்ளைப் பீங்கானில் பென்சிலால் கிழித்த மாதிரி மெல்லிய கறுப்புக் கோடு ஓடினால், கரண்ட் அந்த வழியாக வெளியே தாண்டுகிறது; வயர் முனையில் பிளக்கை மூடும் ரப்பர் உறையையும் (boot) சேர்த்து மாற்றாவிட்டால் புது பிளக்கிலும் அதே கோடு விழும்.

எப்போது வருகிறது என்பதும் முக்கியம். ஐடிலில் மட்டும் ஆடி, ஆக்சிலரேட்டர் கொடுத்தால் சரியாகிறது என்றால் வேக்யூம் ஹோஸ், மேனிஃபோல்ட் கேஸ்கட் பக்கம் காற்று இழுக்கிறதா பாருங்கள். ஈரத்தில் மட்டும் என்றால் இருட்டில் பானட்டைத் திறந்து வயர், டிஸ்ட்ரிபியூட்டர் கேப் மேல் லேசாகத் தண்ணீர் தெளித்தால் பொறி தாண்டுவது கண்ணுக்கே தெரியும், கையை மட்டும் தள்ளி வையுங்கள். செக் இன்ஜின் லைட் விட்டு விட்டு எரிந்தால் ஓட்டவே வேண்டாம், எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைத் தின்றுவிடும்.

இத்தனைக்கும் அசையவில்லையா, அப்புறம் சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் வருகிறது என்று பார்க்கும் கம்ப்ரஷன் டெஸ்ட்தான். இன்ஜின் சூடாக இருக்கும்போது எல்லா பிளக்கையும் கழற்றி, இக்னிஷனையும் ஃப்யூவலையும் துண்டித்து, ஆக்சிலரேட்டரை முழுசாக மிதித்துக்கொண்டு ஒவ்வொரு சிலிண்டராக அளக்க வேண்டும். குறைவாக உள்ளதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டதும் அளவு ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது; ஏறாவிட்டால் வால்வு; அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர் சேர்ந்து குறைந்தால் பெரும்பாலும் ஹெட் கேஸ்கட். வால்வு என்று வந்தாலும் உடனே ஹெட்டைக் கழற்றாதீர்கள்: வால்வு கிளியரன்ஸ் (இடைவெளி) அட்ஜஸ்ட் செய்யக்கூடிய இன்ஜின் என்றால் இடைவெளி குறைந்து வால்வு முழுசாக மூடாமல் நிற்கலாம், அதை ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்துச் சரிசெய்துவிட்டு இன்னொரு முறை அளந்து பாருங்கள்.