சட்டப்படி பெயரை மாற்றுவது எப்படி: பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும்

பெயர் மாற்ற முடிவெடுத்தவர்கள் உடனே விண்ணப்பப் படிவத்தைத் தேடுகிறார்கள். அதற்கு முன்பே, புதிய பெயரை எழுத்துக்கு எழுத்து முடிவுசெய்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். தலைப்பெழுத்து முன்னால் வருமா, பின்னால் வருமா, அதற்குப் புள்ளி உண்டா, பெயரின் நடுவே இடைவெளி உண்டா என்பதெல்லாம் அதில் தெளிவாக இருக்கவேண்டும். 'மு. கயல்விழி', 'கயல்விழி மு', 'கயல் விழி' ஆகிய மூன்றும் நமக்கு ஒருவரே. கணினிப் பதிவேட்டுக்கோ மூன்று வெவ்வேறு ஆட்கள். பாஸ்போர்ட்டின் அடியில் இயந்திரம் படிக்கும் பகுதியில் பெயருக்கு 39 இடங்களே உண்டு என்பதால், மிக நீண்ட பெயர் அங்கே வெட்டுப்படும்.

அடுத்து, உங்களுக்குப் பொருந்தும் சட்ட வழியைக் கண்டறியுங்கள். இந்தியாவில் பெயர் மாற்றம் அரசிதழில் வெளியாகிறது. அமெரிக்க மாநிலங்கள் பெரும்பாலானவற்றில் நீதிமன்றத்தில் மனு அளிக்கவேண்டும். இங்கிலாந்தில் 16 வயது நிரம்பியவர் சாட்சியுடன் 'டீட் போல்' (deed poll) என்ற உறுதிப் பத்திரத்தில் கையொப்பமிட்டுப் பெயரை மாற்றிக்கொள்ளலாம். அயல்நாட்டில் வசிப்பவர்கள் தங்கள் குடியுரிமை நாட்டின் விதியையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். பொது அறிவிப்பு வெளியிடுவது கட்டாயமாக உள்ள இடங்களிலும், குடும்ப வன்முறையிலிருந்து தப்பி வந்தவர்கள் விலக்குக் கேட்கச் சில சட்டங்கள் இடம் தருகின்றன. அத்தகைய நிலையில் இருப்பவர்கள் மனு அளிக்கும் முன்பே இதை அவசியம் விசாரித்துக்கொள்ளுங்கள்.

குழந்தையின் பெயரை மாற்றுவதில் கூடுதல் கவனம் தேவை. பெற்றோர் இருவருக்கும் உரிமை இருக்கும்போது ஒருவர் மட்டும் கையொப்பமிட்ட விண்ணப்பம் பெரும்பாலும் நிற்காது. மற்றவர் மறுத்தால், குழந்தையின் நலனைக் கருதி நீதிமன்றமே முடிவு செய்யும். 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, பெயரைக் குழந்தையின் அடையாளத்தின் ஒரு பகுதியாகவே கருதுவதோடு, தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமையையும் குழந்தைக்கு அளிக்கிறது. ஆகவே விவரம் தெரிந்த பிள்ளையிடம் கேட்காமல் படிவத்தை நிரப்பாதீர்கள்; வகுப்பில் நாள்தோறும் அந்தப் பெயருக்குப் பதில் சொல்லப்போவது அந்தப் பிள்ளைதான்.

நீதிமன்ற ஆணையோ அரசிதழோ கைக்கு வந்தவுடன், வேறெங்கும் கொடுப்பதற்கு முன், நீங்கள் எழுதி வைத்த தாளோடு ஒப்பிட்டுப் பிழை பாருங்கள். சான்றொப்பமிட்ட நகல்கள் சிலவற்றை அப்போதே வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் அரசு அடையாள அட்டை, பிறகு பாஸ்போர்ட், வங்கிக் கணக்கு, வரிப் பதிவு, காப்பீடு என்ற வரிசையில் மாற்றினால், ஒவ்வொன்றும் அடுத்ததற்குச் சான்றாக உதவும். பழைய பட்டச் சான்றிதழ்களில் பெயர் மாறாமலே இருந்துவிடலாம். அவற்றோடு ஆணையின் நகலைச் சேர்த்துக் காட்டவேண்டியிருக்கும் என்பதால், மூல ஆணையை எந்த அலுவலகத்திலும் விட்டுவராதீர்கள். புதிய பாஸ்போர்ட் வரும் வரை புதிய பெயரில் விமானப் பயணச்சீட்டு எடுக்கவேண்டாம்.