இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங் கோடை இன்டர்ன்ஷிப்: மதுரையிலிருந்தே தயாராவது எப்படி?

எம்.பி.ஏ. முதலாண்டு முடித்து, கம்பெனிகளுக்கு முதலீடு திரட்டித் தரும் இன்வெஸ்ட்மென்ட் பேங்கில் இரண்டு மாத இன்டர்ன்ஷிப்புக்குப் போகிறவரிடம் பெரும்பாலும் மூன்று வேலைகள்தான் வரும். ஒரே தொழிலில் உள்ள எட்டு, பத்து கம்பெனிகளின் மதிப்பை ஒப்பிடும் அட்டவணை போடுவது. அதை வைத்து பிட்ச் புக் (வாடிக்கையாளரிடம் காட்டும் விளக்கத் தொகுப்பு) பக்கங்கள் தயாரிப்பது. பங்கு வெளியீட்டு ஆவணத்தில் எண்களைச் சரிபார்ப்பது. மூன்றிலும் மேலே இருப்பவர் கேட்பது ஒரே கேள்வி: "இந்த நம்பர் எங்கிருந்து வந்தது?" ஆண்டறிக்கையின் பக்க எண்ணோடு உடனே பதில் சொல்பவரை நம்பி அடுத்த வேலையைக் கொடுப்பார்கள். இந்தப் பழக்கத்தைக் கற்க மும்பை போகும்வரை காத்திருக்க வேண்டாம். திருப்பரங்குன்றத்து விடுதி அறையில் ஒரு லேப்டாப் போதும்.

இடம் தேடுவது

பெரிய வங்கிகள் குறிப்பிட்ட சில கல்லூரிகளுக்குப் போய் அங்கேயே ஆள் எடுத்துவிடுகின்றன. மதுரையிலிருந்து தனியாக முயல்பவருக்குச் சின்ன மெர்ச்சன்ட் பேங்கர்கள்தான் (கம்பெனிகளின் பங்கு வெளியீட்டை நடத்தித் தருபவர்கள்) நல்ல வாசல். பதிவு பெற்றவர்களின் பட்டியல் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் இணையதளத்தில் இருக்கிறது. ஆனால் அதில் யார் இப்போது சுறுசுறுப்பாக வேலை செய்கிறார்கள் என்று தெரியாது. அதனால் சின்ன கம்பெனிகள் பட்டியலாகும் என்.எஸ்.இ. எமர்ஜ், பி.எஸ்.இ. எஸ்.எம்.இ. தளங்களில் அண்மையில் தாக்கலான பங்கு வெளியீட்டு வரைவு ஆவணங்களைத் திறந்து முகப்புப் பக்கங்களைப் பாருங்கள். வெளியீட்டை நடத்தும் வங்கி, தொடர்புக்குரியவர், மின்னஞ்சல் எல்லாம் அங்கேயே அச்சாகியிருக்கும்.

கோடைக்கு வேண்டுமென்றால் ஜனவரியிலேயே எழுதத் தொடங்குங்கள். ஐந்து வரி போதும்: அவர்கள் நடத்திய ஒரு வெளியீட்டைக் குறிப்பிட்டு, அதே தொழிலில் நீங்களே போட்ட ஒரு பக்க ஒப்பீட்டை இணையுங்கள். ஒரே மடலை நாற்பது பேருக்கு ஒன்றாக அனுப்பினால் யாரும் பதில் போட மாட்டார்கள். சிவகாசி அச்சுத்தொழிலோ ராஜபாளையம் நூற்பாலையோ உங்களுக்கு நேரடியாகத் தெரியுமென்றால் அதை எழுதத் தயங்காதீர்கள். சின்ன வெளியீடுகளில் ஆலைக்குப் போய் முதலாளியிடமும் கணக்கரிடமும் தமிழில் பேசி விவரம் வாங்கத் தெரிந்தவர் அவர்களுக்குத் தேவை.

செபியின் பயிற்சி நிறுவனமான என்.ஐ.எஸ்.எம். நடத்தும் மெர்ச்சன்ட் பேங்கிங் தேர்வு (சீரிஸ் 9) எழுதினால் விதிகள் பழகும். 60 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பார்கள்.

ஒப்பீட்டு அட்டவணை

பழக டிவிஎஸ் ஸ்ரீசக்ராவை எடுத்துக்கொள்ளுங்கள். மேலூர் சாலையில் வெள்ளரிப்பட்டியில் ஆலை, பங்குச் சந்தையில் பட்டியலான கம்பெனி, ஆண்டறிக்கை இலவசம். பக்கத்தில் எம்.ஆர்.எஃப்., சியட், அப்பல்லோ டயர்ஸ், ஜே.கே. டயர், பாலகிருஷ்ணா இண்டஸ்ட்ரீஸ் ஆகியவற்றை வையுங்கள். எல்லாம் டயர்தான் என்று விட்டுவிடக் கூடாது. ஸ்ரீசக்ராவின் பிழைப்பு முக்கியமாக இருசக்கர, மூன்று சக்கர வண்டி டயர். பாலகிருஷ்ணாவுக்கு டிராக்டர், சுரங்க வண்டி டயர் ஏற்றுமதி. யாரை எதற்காகச் சேர்த்தோம் என்று அட்டவணைக்குக் கீழே ஒரு வரி எழுதும் இன்டர்ன் தனியாகத் தெரிவார்.

கணக்கு இப்படிப் போகும். பங்கு விலை × மொத்தப் பங்குகள் = சந்தை மதிப்பு. அதோடு கடனையும் துணை நிறுவனங்களில் பிறருக்குள்ள பங்கையும் கூட்டி, ரொக்கத்தைக் கழித்தால் நிறுவன மதிப்பு. அதை எபிட்டாவால் (வட்டி, வரி, தேய்மானத்துக்கு முந்தைய லாபம்) வகுத்தால் எத்தனை மடங்கு என்று வரும். உதாரணமாக ஒரு கம்பெனியின் சந்தை மதிப்பு 1,200 கோடி, கடன் 300 கோடி, ரொக்கம் 50 கோடி என்றால் நிறுவன மதிப்பு 1,450 கோடி. எபிட்டா 145 கோடி என்றால் 10 மடங்கு.

சூத்திரம் பத்து நிமிடத்தில் புரிந்துவிடும். தவறு நடப்பது எண்களை எடுத்துப் போடுவதில்தான். அதிகம் நடப்பது பங்கு எண்ணிக்கையில். போனஸ் அல்லது பங்குப் பிரிப்புக்குப் பிந்தைய விலையையும் பழைய ஆண்டறிக்கையின் பங்கு எண்ணிக்கையையும் பெருக்கினால் சந்தை மதிப்பு பாதியாகக்கூடக் காட்டும். சந்தைக்குக் காலாண்டுதோறும் தரும் பங்குதாரர் விவரத்திலிருந்தே எண்ணிக்கையை எடுங்கள். இடையில் போனஸ் வந்ததா என்றும் பாருங்கள்.

அடுத்தது குத்தகை. 2019 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள இண்ட் ஏ.எஸ். 116 என்ற கணக்கியல் விதிப்படி, நீண்ட காலக் குத்தகையின் வாடகை செலவுக் கணக்கிலிருந்து போய், தேய்மானமாகவும் வட்டியாகவும் மாறிவிட்டது. அதனால் எபிட்டா பெருத்துத் தெரியும். மேலே உதாரணத்தில் சொன்ன கம்பெனிக்கு 100 கோடி குத்தகைக் கடன் (இனித் தர வேண்டிய வாடகையின் மதிப்பு) இருந்தால், அதைச் சேர்க்கும்போது 10 மடங்கு 10.7 ஆகிறது. சேர்க்காமல் விடுவதென்றால் எபிட்டாவிலிருந்து வாடகையையும் கழிக்க வேண்டும். எந்த முறையானாலும் எல்லாக் கம்பெனிக்கும் ஒன்றாக இருக்கட்டும். சொக்கிகுளத்தில் பதிவு அலுவலகம் வைத்து 2023 ஆகஸ்டில் பட்டியலான டிவிஎஸ் சப்ளை செயின் சொல்யூஷன்ஸ் போன்ற, கிடங்குகளை வைத்துத் தொழில் நடத்தும் கம்பெனியின் கணக்கில் இதைப் போட்டுப் பார்த்தால் வித்தியாசம் நன்றாகப் புரியும்.

கடைசிப் பன்னிரண்டு மாதக் கணக்கு கேட்டால்: போன முழு ஆண்டு + இந்த ஆண்டின் ஒன்பது மாதம் − போன ஆண்டின் அதே ஒன்பது மாதம். 400 + 330 − 290 = 440. ஒன்றில் தனிக் கணக்கும் (கம்பெனி மட்டும்) மற்றொன்றில் ஒருங்கிணைந்த கணக்கும் (துணை நிறுவனங்களையும் சேர்த்து) கலந்தால் விடை குப்பை. லட்சம், கோடி, மில்லியன் குழப்பமும் ஓயாதது. 1 கோடி 10 மில்லியன், 100 கோடி ஒரு பில்லியன். ஒவ்வொரு ஷீட்டின் தலையிலும் அலகை எழுதுங்கள்.

எக்செலில் கையால் அடித்த எண் நீலம், சூத்திரம் கறுப்பு, வேறு ஷீட்டிலிருந்து வருவது பச்சை என்பது தொழிலின் பொது வழக்கம். சூத்திரத்துக்குள் எண்ணைப் புதைக்காதீர்கள். அனுப்பும் முன் ஒருமுறை காகிதத்தில் அச்செடுத்துப் பேனாவால் டிக் அடித்துப் பாருங்கள். திரையில் கண்ணுக்குத் தப்பியது காகிதத்தில் சிக்கும்.

வாய்க்கட்டு

வேலையில் நீங்கள் பார்ப்பது பல நேரம் வெளியிடப்படாத, பங்கு விலையைப் பாதிக்கும் தகவல். செபியின் 2015 உள்வணிகத் தடை விதிகள் இன்டர்னுக்கும் பொருந்தும். சேரும் நாளிலேயே உங்கள் பங்கு முதலீடுகளைச் சொல்லிவிடுங்கள். அனுமதியில்லாமல் வாங்கவோ விற்கவோ வேண்டாம். திருவிழாவுக்கு ஊர் வரும்போது, "என்னப்பா, எந்த ஷேர் ஏறும்?" என்று மாமா ஆசையாகத்தான் கேட்பார். "வேலை விஷயம் பேசக் கூடாது மாமா" என்பதற்கு மேல் ஒரு சொல் வேண்டாம். ரயிலில் லேப்டாப்பைத் திறந்து வைப்பதும் இதே தவறுதான்.

கல்லூரிக்குத் தர வேண்டிய புராஜெக்ட் அறிக்கையில்தான் பலர் சிக்குகிறார்கள். வாடிக்கையாளர் பெயரும் எண்களும் அதில் வரக் கூடாது. பொதுவில் கிடைக்கும் கணக்குகளை மட்டும் வைத்து ஒரு தலைப்பை முதல் வாரத்திலேயே முடிவு செய்து, நிறுவனத்தின் விதி கண்காணிப்புப் பிரிவிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். இன்டர்ன்ஷிப் முடிவதற்குப் பத்து நாள் முன்பே வரைவை அவர்களிடம் கொடுத்துவிட்டால், சான்றிதழ் கையெழுத்தாகும் நாளில் அறிக்கையும் திருத்தி வந்திருக்கும்.