கடலோர வீட்டு பீமில் விழுந்த விரிசலை ஆராயும் முறை

குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் போன்ற கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை ஊர்களில் பீமின் அடியில் விரிசல் கண்டால், கொத்தனாரை அழைத்துச் சிமெண்டு பூசி வெள்ளையடித்துவிடுவதே வழக்கமாக இருக்கிறது. பூசுவதற்கு முன், அது எந்த விசையால் உண்டானது, இன்னும் வளர்கிறதா என்னும் இரண்டையும் அறிய வேண்டும். அதற்குச் சில சாக்பீஸ்கள், பென்சில், அளவுகோல், சிறு சுத்தியல் ஆகியவை போதும்.

முதல் படி: உடைப்பின் திசையை அறிதல்

ஒரு சாக்பீஸின் இரு முனைகளையும் பிடித்து வளைத்தால் அது குறுக்கே நேராக முறியும். இன்னொன்றைத் துணி பிழிவதுபோல் முறுக்கினால் ஏறத்தாழ 45 பாகை சாய்வில், திருகு வடிவில் உடையும். எளிதில் நொறுங்கும் பொருள்கள் இழுவிசை மிகுந்த திசைக்குச் செங்குத்தாகப் பிளப்பதே இதற்குக் காரணம். கான்கிரீட்டும் இந்த இனமே. தான் தாங்கும் அமுக்கத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு இழுவிசையைத்தான் அது தாங்கும் என்பதாலேயே உள்ளே கம்பி கட்டுகிறோம்.

இரண்டாம் படி: பீமைப் பார்த்தல்

நடுப்பகுதியில் அடியிலிருந்து மேல்நோக்கி எழும் செங்குத்து விரிசல், பாரத்தால் பீம் வளைவதால் வருவது. மயிரிழை அளவில் இருந்தால் அஞ்ச வேண்டியதில்லை, கான்கிரீட் கட்டுமானத்துக்கான இந்தியத் தர விதிநூலான ஐ.எஸ். 456 பொதுவாக 0.3 மி.மீ. அகலம் வரையிலும், கடற்காற்று நேரே படும் இடங்களில் 0.1 மி.மீ. வரையிலும் இதை ஏற்கிறது. தூணை ஒட்டிச் சாய்வாக ஏறும் விரிசல், பீமின் ஒரு பகுதியை அடுத்த பகுதியிலிருந்து நழுவச்செய்யும் வெட்டுவிசையின் அடையாளம். இவ்வகை உடைப்பு முன்னறிவிப்பின்றி நேரக்கூடும் என்பதால், அளந்துகொண்டு நிற்காமல் கட்டடப் பொறியாளரை அழையுங்கள்.

பீமின் நீளவாக்கில் கம்பியை ஒட்டியே ஓடும் விரிசல்தான் நம் கடற்கரையில் மிகுதி. இது பெரும்பாலும் பாரத்தால் வருவதன்று. கான்கிரீட்டின் காரத்தன்மையால் கம்பியின் மேல் உருவாகும் மெல்லிய காப்புப் படலத்தை, உப்புக்காற்றிலிருந்து ஊடுருவும் குளோரைடு சிதைக்கிறது. அதன்பின் உண்டாகும் துரு, அது தின்ற இரும்பைப் போல் இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் கேட்பதால், கான்கிரீட் உள்ளிருந்தே பிளக்கிறது. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் பெய்யும் இம்மாவட்டத்தில் மாறி மாறி நனைந்து காய்வதும் துருவை விரைவுபடுத்துகிறது. கடற்காற்று படும் இடங்களில் கம்பிக்கு வெளியே 45 மி.மீ. கான்கிரீட் இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் அந்த இடைவெளிக்காகக் கம்பிக்கு அடியில் வைக்கும் சிறு கட்டையான கவர் பிளாக்கை வைக்கச் சோம்பி, கம்பியை வார்ப்புப் பலகையின் மேலேயே கிடத்தி வார்த்த பீம்கள் ஏராளம்.

மூன்றாம் படி: தட்டிப் பார்த்தல்

விரிசலை ஒட்டிச் சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். பொள்ளலான ஓசை கேட்கும் இடத்தில் கான்கிரீட் கம்பியை விட்டுப் பிரிந்திருக்கலாம். வெறும் பூச்சு மட்டும் பிரிந்திருந்தாலும் இதே ஓசை வரும் என்பதால், துருக்கறையும் உடன் இருக்கிறதா என்று பாருங்கள்.

நான்காம் படி: வளர்ச்சியை அளத்தல்

விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதுங்கள். குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை இருபுறமும் பசையால் ஒட்டினால், விரிசல் அகலும்போது அது உடைந்துவிடும். வெயிலில் கான்கிரீட் விரியும் என்பதை மறக்கலாகாது: 10 மீட்டர் நீள வார்ப்பு 20 பாகை செல்சியஸ் சூடேறினால் ஏறத்தாழ 2 மி.மீ. நீளும். ஆகவே ஒவ்வொரு முறையும் ஒரே நேரத்தில், காலையில் அளப்பதே நல்லது.

துருவால் வந்த விரிசல் எனத் தெரிந்தால், மேலே பூசுவது வீண். உள்ளே துரு வளர்ந்துகொண்டே இருக்கும். பொறியாளர் சொன்னபடி பீமுக்கு முட்டுக்கொடுத்த பிறகே தளர்ந்த கான்கிரீட்டைக் கம்பியின் பின்புறம் வரை கொத்தியெடுக்க வேண்டும்.