‘குடியேற்றம்’ என்று கேட்டால் காணிதான் ஞாபகம் வரும்: அரசியல்வாதிகளிடம் கருத்துக்கணிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பு, அம்பாறை உள்ளூராட்சி உறுப்பினர்களிடம் பொருளாதாரத்தையும் வெளிநாட்டவர் வருகையையும் பற்றிக் கேட்கப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே சொல்லில் இடறுகிறார்கள்: குடியேற்றம். வெளிநாட்டு வினாக்கொத்தைத் தமிழாக்கும்போது, பிற நாட்டவர் வந்து தங்குவதற்கு இந்தச் சொல்லைப் போட்டுவிடுகிறார்கள். இங்கே அதற்கு வேறு பொருள். 1949இல் தொடங்கிய கல்லோயா நீர்ப்பாசனக் குடியேற்றத் திட்டமும் அதோடு வந்த காணிப் பிணக்குகளும்தான் உடனே மனதில் வரும். “குடியேற்றத்தைக் குறைக்க வேண்டுமா?” என்று நாவிதன்வெளியில் கேட்டால் உறுப்பினர் காணியை நினைத்து “ஓம்” என்பார். நீங்கள் அதை வெளிநாட்டவர் மீதான எதிர்ப்பாகப் பதிவீர்கள். சிங்களப் படிவத்தில் அதே கேள்வி வேறு பொருள் தந்தால், சிங்களம் பேசும் உகணையின் பதிலையும் தமிழ் பேசும் காரைதீவின் பதிலையும் ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை.

‘குடிவரவு’ என்று மாற்றினாலும் தீராது. அதைக் கேட்டதும் கடவுச்சீட்டு அலுவலகம்தான் நினைவுக்கு வரும். சொல்லை விட்டுவிட்டு விஷயத்தை மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள்: வெளிநாட்டவர் வேலைக்காக இலங்கைக்கு வருவது, நம்மவர் சவுதி, கட்டார், குவைத்துக்கு வேலைக்குப் போவது, வேறு மாவட்டத்தவர் இங்கே காணி பெற்று வாழ்வது. தமிழ்ப் படிவத்தைச் சிங்களத்துக்கு மாற்றியபின், மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் மறுபடி தமிழாக்கட்டும். பிறகு முன்னாள் உறுப்பினர்கள் ஐந்தாறு பேரிடம் வாசித்துக்காட்டி, “இந்தக் கேள்வியில் உங்களுக்கு என்ன விளங்கினது?” என்று கேளுங்கள். இதற்கு ஒரு நாள் போதும். இதைத் தவிர்த்தால் மொத்தக் கணிப்பும் வீண்.

“பெண்கள் வெளிநாடு போவது வருமானம் தந்தாலும் பிள்ளைகளைப் பாதிக்கிறது, உடன்படுகிறீர்களா?” என்பது இரண்டு கேள்வி. பிரித்துவிடுங்கள்.

பொருளாதாரக் கேள்விக்குக் காலமும் இடமும் வேண்டும். “நிலைமை எப்படி?” என்றால் ஒருவர் 2022 நெருக்கடியின் எரிபொருள் வரிசைகளோடு ஒப்பிடுவார், இன்னொருவர் போன மாதத்தோடு. “கடந்த 12 மாதத்தில், உங்கள் வட்டாரத்தில்” என்று எழுதுங்கள். பெரும்போக அறுவடை நடக்கும் பெப்ரவரி, மார்ச்சில் கேட்டால் நெல் விலை மற்றதெல்லாவற்றையும் மறைத்துவிடும். கட்சியின் நிலைப்பாட்டையும் சொந்தக் கருத்தையும் தனித்தனியாகக் கேட்பதும் அவசியம்.

பெயர்ப் பட்டியலை வர்த்தமானியிலிருந்து எடுங்கள். கிழக்கு மாகாண சபையின் காலம் 2017இலேயே முடிந்துவிட்டது; பழைய பட்டியலை நம்பினால் பதவியில் இல்லாதவரையும் ‘மாகாண சபை உறுப்பினர்’ என்று எண்ணிவிடுவீர்கள். வட்டாரத்தில் வென்றவரையும் கட்சிப் பட்டியலில் வந்தவரையும் தனித்தனியாகக் குறித்துவையுங்கள். மக்களோடான அவர்கள் தொடர்பு ஒன்றல்ல.

மிகக் கவனம் வேண்டியது இரகசியம். ஒரு சிறிய சபையில் ஒரு கட்சிக்கு ஒரே ஒரு பெண் உறுப்பினர் இருந்தால், சபை, கட்சி, பால் மூன்றையும் ஒரே அட்டவணையில் போட்டாலே ஆள் தெரிந்துவிடும். காணி பற்றி மனம் திறந்து சொன்னவருக்கு அது ஊரிலும் கட்சியிலும் பெரிய தலையிடி. அட்டவணையில் ஐந்துக்குக் குறைவானோர் வரும் கட்டத்தை வெளியிடாதீர்கள். 30 பேரே பதிலளித்திருந்தால் நூற்றுவீதம் வேண்டாம். அங்கே ஒருவர் மூன்று வீதத்துக்கு மேல். “30இல் 11 பேர்” என்றே எழுதுங்கள்.

படிவத்தைக் கொடுத்துவிட்டு வந்தால் பல இடங்களில் உதவியாளரே நிரப்பிவிடுவார். சபை அமர்வு முடிந்த கையோடு, தவிசாளர் பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்து, உறுப்பினரிடமே நேரில் கேளுங்கள்.