கதிரியக்கப் பாதுகாப்புப் பயிற்சியாளர் பரப்பு மாசை அளக்கும் முறை

அணுமின் நிலையத்தில் கதிரியக்கப் பாதுகாப்புப் பயிற்சியாளராகச் சேர்பவர் முதலில் கைவரப்பெற வேண்டியது, பரப்பு மாசை, அதாவது தரை, மேசை போன்ற பரப்புகளில் படிந்த கதிரியக்கப் பொருளை, அளக்கும் பழக்கமே என்பது என் கருத்து. கதிர்வீச்சை அளக்கும் கருவியின் அளவுத்திருத்தக் காலக்கெடுவையும் பேட்டரியையும் சரிபார்த்து, சோதனை மூலத்தை (அளவு தெரிந்த சிறு கதிரியக்கப் பொருள்) காட்டி முள் எதிர்பார்த்தபடி நகர்வதை உறுதிசெய்த பிறகு, மாசில்லாத இடத்தில் பின்னணி அளவை (சூழலில் இயல்பாகவே இருக்கும் கதிர்வீச்சின் அளவை) குறித்துக்கொள்ளுங்கள்.

கருவியின் உணர்முனையை (கதிர்வீச்சை உணரும் பகுதி) பரப்பிலிருந்து சுமார் 1 செ.மீ. உயரத்தில், வினாடிக்கு 5 செ.மீ.க்கு மிகாத வேகத்தில் நகர்த்த வேண்டும். கதிர்வீச்சின் ஒரு வகையான ஆல்ஃபா துகள்கள் காற்றில் சில சென்டிமீட்டருக்குள்ளேயே நின்றுவிடுவதால், அவற்றைத் தேடும்போது இன்னும் நெருக்கமாகவும் மெதுவாகவும் செல்வது அவசியம். முள் அசைவதற்கு முன்பே காது உணர்ந்துவிடும் என்பதால், 'டிக்' ஒலி அடர்ந்த கணமே கையை நிறுத்தி, அளவு நிலைப்படும்வரை காத்திருங்கள். உணர்முனை பரப்பைத் தொட்டால் அதுவே மாசடைந்து, அடுத்துவரும் அளவுகளைப் பொய்யாக்கிவிடும்.

மாசு ஒட்டியிருக்கிறதா, உதிரக்கூடியதா என்பதை அறிய, சுமார் 100 சதுர செ.மீ. பரப்பை வடிதாளால் மிதமான அழுத்தத்தில் துடைத்து, அந்தத் தாளில் ஒட்டிய கதிரியக்கத்தைப் பின்னணிக் கதிர்வீச்சு குறைந்த இடத்தில் கருவியால் அளந்து பாருங்கள்.

சர்வதேசப் பரிந்துரைப்படி, பணியாளர் உடல் ஏற்கும் கதிர்வீச்சுக்கான ஆண்டு வரம்பு 5 ஆண்டுச் சராசரியாக 20 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சு ஏற்பின் அலகு). 16 முதல் 18 வயதுக்குட்பட்ட பயிற்சியாளருக்கோ 6 மட்டுமே. ஆகவே, நீங்கள் ஏற்ற கதிர்வீச்சைக் காட்டும், உடலில் அணியும் டோசிமீட்டரின் அளவை ஒவ்வொரு முறை வெளியேறும்போதும் நீங்களே படித்துப் பதிவேட்டில் எழுதுங்கள்.