பேஸ்மன்றைத் தனிக் குடியிருப்பாக மாற்றுவதற்கு முன்

ரொறன்ரோவுக்கும் அதன் சுற்று நகரங்களுக்கும் வந்து சேரும் எமது குடும்பங்களில் அநேகமானவை முதலில் குடியிருப்பது யாரோ ஒருவருடைய பேஸ்மன்றில், அதாவது வீட்டின் நிலக்கீழ்த் தளத்தில்தான். பின்னர் சொந்த வீடு வாங்கும்போது, மாதாந்த மோட்கேஜ் (வீட்டுக் கடன்) பணத்தில் ஒரு பகுதியைத் தமது பேஸ்மன்றின் வாடகை தரும் என்று கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்குப் பிசகாதிருக்க வேண்டுமானால், சமையலறை அலுமாரிக்கு நிறம் தெரிவுசெய்வதற்கு முன்னர், ஏன், வீட்டுக்கு விலை பேசுவதற்கு முன்னரே, அளவுநாடாவுடன் ஒருமுறை கீழே இறங்கிப் பார்க்க வேண்டும்.

முதலில் உயரம். ஏற்கெனவே கட்டப்பட்ட வீட்டின் பேஸ்மன்றில் தனிக் குடியிருப்பு அமைப்பதற்கு, தரைக்கும் உட்கூரைக்கும் இடையே குறைந்தது 1.95 மீற்றர், அதாவது ஏறத்தாழ 6 அடி 5 அங்குலம் இருக்க வேண்டும் என்பது ரொறன்ரோ அமைந்துள்ள ஒன்ராறியோ மாகாணத்தின் கட்டட விதி. வெறும் கொங்கிறீற்றிலிருந்து மரச் சட்டம் வரை அளந்துவிட்டுத் திருப்தியடைய வேண்டாம். மேலே அடிக்கும் ட்றைவோல் எனப்படும் ஜிப்சம் பலகையும் கீழே போடும் தரையும் சில அங்குலங்களை விழுங்கிவிடும். உயரம் போதாவிட்டால் அத்திவாரத்தின் கீழ் தோண்டித் தரையைத் தாழ்த்தலாம். ஆனால் அது பொறியியலாளரின் வரைபடத்தோடு செய்யவேண்டிய, மிகுந்த செலவு பிடிக்கும் வேலை.

அதிகம் பேர் ஏமாறுவது யன்னலில். படுக்கையறை உள்ள தளத்திலிருந்து நேரே வெளியேறும் கதவு இல்லாவிடில், தீப்பிடித்தால் ஓர் ஆள் தவழ்ந்து வெளியேறக்கூடிய யன்னல் அங்கே இருக்க வேண்டும். அதன் திறந்த இடைவெளி 0.35 சதுர மீற்றருக்குக் குறையக் கூடாது; எந்தப் பக்கமும் 380 மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது. இரு பக்கமும் 380 இருந்தால் போதுமென்று நினைப்பவர்கள் பெருக்கிப் பார்ப்பதில்லை: ஒரு பக்கம் 380 என்றால் மற்றப் பக்கம் 920 மில்லிமீற்றரைத் தாண்ட வேண்டும். பக்கவாட்டில் தள்ளும் யன்னலில் பாதிதான் திறக்கும் என்பதால், அந்தப் பாதியை மட்டுமே அளக்க வேண்டும். வெளியே குழி இருந்தால் யன்னலுக்கு முன்னே 550 மில்லிமீற்றர் இடம் விடுவதோடு, மாசி மாதத்தில் அதிலே நிரம்பும் பனியை அள்ளிக்கொட்டவும் வேண்டும்.

மாநகரத்திடம் கட்டட அனுமதிப் பத்திரம் எடுத்தால் வீட்டு வரி கூடும் என்று பயமுறுத்தி, அது இல்லாமலே முடித்துத் தருவதாகச் சொல்லும் ஒப்பந்தக்காரர்கள் எமக்குள்ளும் உண்டு. நானும் ஒருவரை நம்பினேன். சுவருக்குப் பூச்சும் பூசி முடிந்த பின்னர் மாநகரப் பரிசோதகர் வந்து, மறைந்துபோன நீர்க்குழாய்களையும் வயர்களையும் காட்டும்படி கேட்டார். புதிய ட்றைவோலை நானே சுத்தியலால் உடைத்துக் காட்டினேன். மின்வேலையை உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரரிடம் கொடுத்து, மாகாண மின்பாதுகாப்பு அதிகாரசபையின் பரிசோதனை முடிந்ததற்கான பத்திரத்தைக் கையில் வாங்கிய பின்னரே சுவரை மூட வேண்டும்.

மேல்வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் இடையே தீயைத் தடுத்து நிறுத்தும் உட்கூரையும், ஒன்று ஒலித்தால் எல்லாமே ஒலிக்கும்படி இணைக்கப்பட்ட புகை எச்சரிக்கைக் கருவிகளும் தேவை. இரு வீடுகளுக்கும் சூடான காற்றை அனுப்புவது ஒரே ஃபேர்னஸ் என்றால் கீழே பொரிக்கும் மீனின் மணம் மேலே வருவது போலப் புகையும் காற்றுக்குழாய் வழியே வரும். ஆகவே புகையை உணர்ந்ததும் ஃபேர்னஸை நிறுத்தும் கருவியொன்றைக் குழாயிலேயே பொருத்த வேண்டும்.

நீரை அலட்சியம் செய்யாதீர்கள். 2013 யூலை 8ஆம் திகதி ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்தில் 126 மில்லிமீற்றர் மழை பெய்தபோது, பல பேஸ்மன்றுகளுக்குள் கழிவுநீர் திரும்பி வந்தது. அதைத் தடுக்கும் வால்வைத் தரை உடைபட்டிருக்கும்போதே போட்டுவிடுவது சிக்கனம். ரொறன்ரோ மாநகரம் இதற்கு மானியமும் தருகிறது. வேலை தொடங்கு முன் அதன் நிபந்தனைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

குடியிருப்பவர் உங்களோடு சமையலறையையோ குளியலறையையோ பகிராதவரை, அனுமதியில்லாத பேஸ்மன்றுக்கும் 2006ஆம் ஆண்டின் வாடகைக் குடியிருப்புச் சட்டம் பொருந்தும். முற்பணமாகக் கடைசி மாத வாடகையை வாங்கலாம். சேதத்துக்கென்று வேறாக வாங்க முடியாது. அவர் பெட்டியோடு வருவதற்கு முன், காப்புறுதி நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவித்து, அவர்களுடைய பதிலையும் எழுத்திலேயே பெற்றுக்கொள்ளுங்கள்.